ஹார்ட் ஃபெயிலியர் ரிஹேப்: சென்டருக்குப் போறதா, வீட்டுலயே செய்யறதா?

ஹார்ட் ஃபெயிலியர்னு, அதாவது இதயம் ரத்தத்த போதுமான அளவு பம்ப் பண்ண முடியாம, அட்மிட் ஆகி வீட்டுக்கு வந்தவங்கள "அசையாதீங்க, படுங்க"ன்னு கட்டில்லயே வச்சிடுறோம், பாசத்துலதான், ஆனா கொஞ்ச நாள்லயே தொடை சதை கரைஞ்சு பாத்ரூம் வரைக்கும் போறதுக்கே மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும். உடற்பயிற்சி வேணுமாங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, எங்க செய்யறதுங்கறதுதான் யோசிக்கணும்.

ரிஹேப் சென்டர்ல, அதாவது நோயாளிங்களுக்கு ஆள் வச்சுப் பயிற்சி குடுக்கற இடத்துல, பெரிய பலம், பக்கத்துல ஆள் இருக்கும், பிபி, இசிஜி பாப்பாங்க. முதல்ல ஆறு நிமிஷ நடை டெஸ்ட் வைப்பாங்க, 30 மீட்டர் காரிடார்ல போய்ப் போய்த் திரும்பணும், மூச்சு வாங்குனா சுவத்துல சாஞ்சு நின்னுக்கலாம், ஆனா வாட்ச் நிக்காது, எத்தனை மீட்டர் நடந்தாங்களோ அத வச்சுதான் பயிற்சி எவ்ளோன்னு முடிவு பண்ணுவாங்க. 2021-ல வந்த ரிஹேப்-எச்எஃப் ஆய்வுல 60 வயசு தாண்டின 349 பேர எடுத்தாங்க, பயிற்சி குரூப்புக்கு ஆஸ்பத்திரியில இருக்கும்போதே ஆரம்பிச்சு அப்புறம் வாரம் 3 நாள்னு 12 வாரம். எழுந்து நிக்கறது, பேலன்ஸ், நடை எல்லாம் நல்லாவே தேறுச்சு. ஆனா திரும்ப அட்மிட் ஆகறது குறையல, அதையும் சொல்லியாகணும்.

கஷ்டம் என்னன்னா போயிட்டு வர்றது. ஆட்டோ செலவு, கூட வர்றவங்க லீவு, பாதியில நின்னுடும்.

பிரிட்டன்ல ரீச்-எச்எஃப்னு வீட்டுலயே செய்யற 12 வார திட்டம் இருக்கு, நாற்காலியில உட்கார்ந்து செய்யற பயிற்சி இல்லன்னா வாக்கிங், பாத்துக்கறவங்களுக்கும் தனி கையேடு, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். 216 பேர்கிட்ட பாத்ததுல அன்றாட வாழ்க்கைத் தரம் நல்லாவே கூடுச்சு. போலந்துல 850 பேர வச்சு போன் வழி கண்காணிப்போட செஞ்சு பாத்தாங்க, அங்கயும் வாழ்க்கைத் தரம் கூடுச்சு, ஆயுசு கூடினதா காட்டல.

வீட்டுல செய்யறவங்க நாடித்துடிப்ப மட்டும் நம்பாதீங்க, பீட்டா பிளாக்கர் மாத்திரை அத அமுக்கி வச்சிருக்கும். நடக்கும்போது பேச முடியுதா, அதான் அளவு. பேச்சு திக்குனா வேகத்தக் குறைங்க.

என் கருத்து, இப்பதான் டிஸ்சார்ஜ் ஆனவங்க, தடுமாறி நடக்கறவங்க, துடிப்புல கோளாறு உள்ளவங்க இவங்கள்லாம் எப்படியாவது கொஞ்ச வாரம் சென்டருக்குப் போயிடுங்க, அப்புறம் வீட்டுல தொடரலாம். நிலைமை சீரா இருந்து தூரம்தான் பிரச்சனைன்னா டாக்டர் ஓகே சொன்னதும் வீட்டுலயே தயங்காம தொடங்குங்க, பலன் குறைஞ்சு போயிடாது. எங்க செஞ்சாலும் காலைல பாத்ரூம் போயிட்டு வெறும் வயித்துல எடை பாருங்க, மூணு நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறுனாலோ கால் வீங்குனாலோ அன்னைக்குப் பயிற்சி வேணாம், உடனே டாக்டருக்கு போன் போடுங்க.