நியூபேக் ஸ்டிக் மெதுவாக ஓடினால்: வேகத்தைக் குறைப்பதா, ஹப்பை மாற்றுவதா, புது மைனர் வாங்குவதா?

என்னிடம் இரண்டு நியூபேக் ஸ்டிக் இருக்கின்றன. கெக்கோசயன்ஸ் தயாரித்த யூஎஸ்பி பிட்காயின் மைனர், அதாவது பிட்காயினுக்கான ஹாஷ் கணக்குகளை இடைவிடாமல் போடும் கருவி; பென் டிரைவை விடக் கொஞ்சம் பெரிது, மேலே அலுமினிய ஹீட்சிங்க். ஒவ்வொன்றிலும் இரண்டு பிஎம்1387 சிப். 2016-இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9-இல் இருப்பதும் இதே சிப்தான். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில், ஸ்டிக்கை இயக்கும் சிஜிமைனர் மென்பொருள் ஓடுகிறது.

முதல் ஸ்டிக்கை யூஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) தனியாகச் செருகி 200 மெகாஹெர்ட்ஸில் விட்டபோது சராசரி 45 கிகாஹாஷ் (வினாடிக்கு 4,500 கோடி ஹாஷ்) வந்தது. இரண்டாவதையும் அதே ஹப்பில் செருகினேன். 90 வர வேண்டிய இடத்தில் 58, 61, திரும்ப 55. ஹார்டுவேர் எரர் (சிப் கொடுக்கும் தப்பான விடை) எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. அரை மணிக்கு ஒரு தடவை ஒரு ஸ்டிக் காணாமல் போய்த் திரும்ப வந்தது.

சரிசெய்ய மூன்று வழி தெரிந்தது. மெகாஹெர்ட்ஸைக் குறைத்து இருக்கிற ஹப்பிலேயே ஓட்டுவது ஒன்று. ஹப்பை மாற்றுவது இன்னொன்று. இரண்டு ஸ்டிக்கையும் விற்றுவிட்டு பிட்ஆக்ஸ் போன்ற தனி மைனர் வாங்குவது மூன்றாவது. நான் ஹப்பை மாற்றினேன். அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

ஸ்டிக் உண்மையிலேயே மெதுவாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிஎம்1387-இல் 114 கோர்கள். இரண்டு சிப்புக்கு 228. அதை மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் மெகாஹாஷ் கணக்கு வந்துவிடும். 100-க்கு 22.8 கிகாஹாஷ், 200-க்கு 45.6. சிஜிமைனரில் ஐந்து வினாடி எண்ணைப் பார்க்க வேண்டாம், அது குதித்துக்கொண்டே இருக்கும். அரை மணி நேரமாவது ஓடிய பிறகு வரும் சராசரி இந்தக் கணக்கை ஒட்டி இருந்தால் ஸ்டிக் நன்றாகத்தான் இருக்கிறது.

பூலின் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் சேவை) வலைப்பக்கத்தில் காட்டும் எண்ணை வைத்து முடிவெடுக்கவே கூடாது. பூலுக்கு உங்கள் ஸ்டிக் எத்தனை ஹாஷ் போட்டது என்று நேரடியாகத் தெரியாது. வந்து சேர்ந்த ஷேர்களை, அதாவது பூல் கேட்ட அளவுக்குக் கடினமான விடைகளை, எண்ணித்தான் அது வேகத்தை ஊகிக்கிறது. டிஃபிகல்ட்டி (கடினத்தின் அளவு) 1 உள்ள ஒரு ஷேர் கிடைக்கச் சராசரியாக 429 கோடி ஹாஷ் வேண்டும். பூல் 8192 டிஃபிகல்ட்டி வைத்திருந்தால், 45.6 கிகாஹாஷ் ஸ்டிக்குக்கு ஒரு ஷேர் கிடைக்கச் சராசரியாக 13 நிமிடம் ஆகும். பத்து நிமிட வரைபடத்தில் சில சமயம் பூஜ்யம் விழும், சில சமயம் இரண்டு மடங்கு காட்டும். இரண்டும் உண்மையான வேகம் இல்லை. ஒரு நாள் முழுக்க ஓடிய சராசரியைப் பாருங்கள், அல்லது பூல் அனுமதித்தால் டிஃபிகல்ட்டியைக் குறைத்துக் கேளுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அது எனக்கு வருத்தமான விஷயம்.

அடுத்தது சூடு. மின்சாரக் குறைபாட்டையும் சூட்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். தொடக்கத்தில் நன்றாக ஓடி, இருபது முப்பது நிமிடத்தில் தளர்ந்து, ஃபேன் வைத்ததும் நிமிர்ந்தால் அது சூடு. இன்னொரு ஸ்டிக்கைச் செருகிய அந்த நிமிடமே தளர்ந்தால் அது மின்சாரம். என்னுடையது இரண்டாவது வகை. ஆனாலும் சித்திரை மாத மதியத்தில் ஃபேன் இல்லாமல் இந்த ஸ்டிக்கை ஓட்டக் கூடாது. 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, ஹீட்சிங்க் இடுக்குகள் வழியாகக் காற்று போகும்படி வைத்தால் போதும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பையிலோ நேராகச் செருகுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லிஆம்பியர், 3.0-க்கு 900. பை 4-இல் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். 2013-இல் வந்த பிளாக் இரப்டர் 500 மில்லிஆம்பியரில் 333 மெகாஹாஷ் கொடுத்தது. அது லேப்டாப்பில் ஓடும். நியூபேக்கின் பசி வேறு.

மெகாஹெர்ட்ஸைக் குறைப்பது செலவில்லாத வழி. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். 200-இல் தள்ளாடிய இரண்டு ஸ்டிக்கையும் 125-க்கு இறக்கினேன். ஒவ்வொன்றும் 28 கிகாஹாஷில் அசையாமல் நின்றது. மொத்தம் 57. அதாவது 200-இல் எரரோடு கிடைத்த அதே வேகம், 125-இல் எரர் இல்லாமல் கிடைத்தது, சூடும் குறைந்தது. இது எல்லாரும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டிய சோதனை. குறைத்ததும் எரர் நின்றுபோனால் ஸ்டிக்கில் பழுது இல்லை, அதற்குப் போய்ச் சேரும் மின்சாரத்திலோ குளிர்ச்சியிலோதான் குறை என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு ஸ்டிக் வைத்திருப்பவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தவறும் செய்தேன். ஸ்டிக்கில் கோர் வோல்டேஜை மாற்ற ஒரு சின்னத் திருகு இருக்கிறது. எரர் வந்தால் வோல்டேஜை ஏற்றலாம் என்று படித்துவிட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று திருப்பினேன். நிலைமை இன்னும் மோசமானது. ஹப்பால் கொடுக்க முடியாத இடத்தில் ஸ்டிக்கை இன்னும் அதிகமாகக் கேட்க வைத்துவிட்டேன். ஹப் சரியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை அந்தத் திருகைத் தொட வேண்டாம்.

இனி ஹப். நான் முதலில் வைத்திருந்தது ஏழு போர்ட் உள்ள சாதாரண பவர்டு ஹப். அடாப்டரின் மேல் 5 வோல்ட், 4 ஆம்பியர் என்று அச்சாகியிருந்தது. ஒரு ஸ்டிக் 200 மெகாஹெர்ட்ஸில் 1.2 ஆம்பியர் அளவு இழுக்கிறது. இரண்டுக்கு 2.4. நான்கு ஆம்பியர் இருக்கும்போது என்ன குறை என்று ஹப்பின் மேல் சந்தேகமே வரவில்லை.

போர்ட்டுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கினேன். எதுவும் ஓடாதபோது 5.05 வோல்ட். முதல் ஸ்டிக் ஓடத் தொடங்கியதும் 4.82. இரண்டாவது ஸ்டிக் வேகம் பிடிக்கப் பிடிக்க, மீட்டரின் எண் 4.75, 4.69, 4.63 என்று இறங்கி 4.58-இல் நின்றது. அந்த நொடியில்தான் சிஜிமைனரில் எரர் ஓட ஆரம்பித்தது. இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

நான்கு ஆம்பியர் அடாப்டரில் 2.4 ஆம்பியர் எடுத்ததற்கே ஏன் இப்படி? அடாப்டர் நல்லதுதான். வோல்டேஜ் தொலைவது வழியில். அடாப்டரின் ஒயர் 22 கேஜ் தடிமன், ஒன்றரை மீட்டர் நீளம் என்று வையுங்கள். மின்சாரம் போக ஒன்றரை, திரும்ப ஒன்றரை, ஆக மூன்று மீட்டர் தாமிரம். அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.16 ஓம். அதில் 2.4 ஆம்பியர் ஓடினால் 0.38 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். ஹப்பின் ஜாக், உள்ளே இருக்கும் மெல்லிய தடங்கள், போர்ட்டின் தகடு எல்லாம் மீதியை விழுங்கும்.

இது அத்தோடு நிற்பதில்லை என்பதுதான் முக்கியம். ஸ்டிக்குக்குள் இருக்கும் வோல்டேஜ் கன்வெர்ட்டர், சிப்புக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது எடுத்தே தீரும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி எடுக்கும். ஆம்பியர் கூடினால் ஒயரில் இழப்பு கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். ஒன்று மற்றதைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் சிப் தப்பான விடை கொடுக்கும், இல்லை ஸ்டிக்கே ஹப்பிலிருந்து விழுந்து திரும்பத் தொடங்கும். நியூபேக்குக்கான சிஜிமைனர், சிப் பதில் கொடுப்பது குறைந்தால் மெகாஹெர்ட்ஸைத் தானே இறக்கிக்கொள்ளும். நீங்கள் 200 என்று கொடுத்திருப்பீர்கள். அது 160-இல் ஓடிக்கொண்டிருக்கும். திரையை ஊன்றிப் பார்க்காவிட்டால் ஸ்டிக் பழசாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

அதனால் நான் வாங்கியது 5 வோல்ட் அடாப்டர் உள்ள பெரிய ஹப் இல்லை. 12 வோல்ட் அடாப்டர் உள்ள ஹப். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். 12 வோல்ட்டை உள்ளே வாங்கி, போர்ட்டுக்குப் பக்கத்திலேயே 5 ஆக இறக்கிக் கொடுக்கும் ஹப்பில், அதே இரண்டு ஸ்டிக்குக்கு அடாப்டர் ஒயரில் ஓடுவது 1.1 ஆம்பியர் அளவுதான். அதே ஒயராக இருந்தாலும் இழப்பு 0.18 வோல்ட். அதுவும் 12-இல் 0.18. ஒயரில் 11.8 ஆனாலும் ஹப்பின் கன்வெர்ட்டர் அதற்கு ஈடுகட்டி 5 வோல்ட்டையே கொடுக்கும். 5 வோல்ட் ஹப்பில் ஒயரில் தொலைந்ததைத் திருப்பிக் கொடுக்க அப்படி யாரும் இல்லை.

புது ஹப்பில் இரண்டு ஸ்டிக்கும் 200-இல் ஓடும்போது மீட்டர் காட்டியது 5.06. மாலை ஆறு மணிக்குத் தொடங்கினேன், காலையில் சராசரி 90.8 கிகாஹாஷ். ஸ்டிக் ஒரு தடவைகூட விழவில்லை. கால் சுற்று ஏற்றிய திருகையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்புறம் படிக்கு 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, படிக்கு ஒரு மணி நேரம் விட்டு, இப்போது 250-இல் நிற்கிறது. ஒவ்வொன்றும் 57.

குறையும் உண்டு. சாதாரண ஹப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் விலை கொடுத்தேன். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். மொத்த ஆம்பியரோடு, ஒரு போர்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பதும் எழுதியிருக்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டும் தனிப் போர்ட் வைத்திருக்கும் ஹப்புகள் உண்டு. அந்தப் போர்ட்டில் டேட்டா வராது, ஸ்டிக் அங்கே தெரியவே தெரியாது. வந்த பிறகு இன்னொரு சோதனை: ஹப் ஓடும்போது பையின் அடாப்டரைப் பிடுங்குங்கள். பையில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால், ஹப் பின்வழியாகப் பைக்கு மின்சாரம் தள்ளுகிறது என்று அர்த்தம். அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

கேபிளையும் விட்டுவிடக் கூடாது. ஸ்டிக்கை ஹப்பில் நேராகச் செருகுங்கள். இடம் போதவில்லை என்று மெல்லிய எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால், 28 கேஜ் ஒயரில் அரை மீட்டருக்கே 0.2 ஓம் சேர்ந்துவிடும். நல்ல ஹப்புக்குக் கொடுத்த பணம் அந்த ஒயரில் போய்விடும்.

மூன்றாவது வழி பிட்ஆக்ஸ். வேகத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. பிஎம்1370 சிப் உள்ள பிட்ஆக்ஸ் காமா 1.2 டெராஹாஷ் (1,200 கிகாஹாஷ்) கொடுக்கிறது, என்னுடைய ஒரு ஸ்டிக்கை 200-இல் ஓட்டுவதைப் போல 26 மடங்கு. வைஃபையில் தானே ஓடும், பை வேண்டாம், ஹப் வேண்டாம். வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்தது. நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு வாரம் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம்தான் எனக்கு. ஒரு வருடம் கழித்து அதன் ஃபேனும் சிப்பும் எப்படி இருக்கும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்று மட்டும் பார்த்தேன்: அதுவும் 5 வோல்ட் ஜாக்கில்தான் ஓடுகிறது, இழுப்பது 17, 18 வாட். அதாவது மூன்றரை ஆம்பியர். மெல்லிய ஒயர் உள்ள அடாப்டரைப் போட்டால் என் பழைய ஹப்பில் வந்த அதே நோய் அங்கேயும் வரும். அதன் வலைப்பக்கத்தில் உள்ளே வரும் வோல்டேஜ் எவ்வளவு என்று எழுதிக்காட்டுவதால் கண்டுபிடிப்பது மட்டும் சுலபம்.

இன்னும் எதுவும் வாங்காதவர் பிட்ஆக்ஸ் வாங்குங்கள், பழைய ஸ்டிக்கைத் தேடிப் போக வேண்டாம். கையில் இரண்டு மூன்று ஸ்டிக் ஏற்கெனவே இருந்தால் 12 வோல்ட் ஹப். நாளைக்கு ஸ்டிக்கை விற்றாலும் ஹப் வீட்டில் இருக்கும். ஹார்டு டிஸ்க், பை, எதற்கும் ஆகும். மெதுவாக ஓடும் ஸ்டிக்கை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். 5.06 வோல்ட்டில் ஓடி, எரர் இல்லாத திரையைப் படம் எடுத்துக் காட்டினால் அதே ஸ்டிக்குக்கு மதிப்பு வேறு.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் ஹாவிங்கில் (மைனர்களுக்கான பரிசு பாதியாவது) இருந்து, ஒரு பிளாக்கைக் (பரிமாற்றப் பதிவுகளின் தொகுப்பு) கண்டுபிடித்தால் 3.125 பிட்காயின், ஒரு நாளைக்கு 144 பிளாக் அளவில் 450 பிட்காயின். உலகின் எல்லா மைனர்களும் சேர்ந்த நெட்வொர்க் வேகம் 800 எக்ஸாஹாஷ் (80,000 கோடி கிகாஹாஷ்) என்று வைத்துக் கணக்குப் போட்டால், 45 கிகாஹாஷ் ஸ்டிக்குக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு இரண்டரை சதோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). இரண்டு ஸ்டிக்கும் பையும் சேர்ந்து மாதம் 12 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கின்றன. இது லாபத்துக்கான வேலை இல்லை. பிளாக் எப்படி உருவாகிறது என்று கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளவும், தனியாக ஒரு பிளாக்கைத் தேடிப் பார்க்கவும்தான் நான் ஓட்டுகிறேன். அதற்கும் ஸ்டிக் ஒழுங்காக ஓட வேண்டும்.

யூஎஸ்பி மீட்டரை இப்போது கழற்றி வைத்துவிட்டேன், அதுவும் நடுவில் இருந்தால் கொஞ்சம் வோல்டேஜ் சாப்பிடும். மாதம் ஒரு தடவை செருகி, இரண்டு ஸ்டிக்கும் முழு வேகத்தில் ஓடும்போது எண்ணைப் பார்க்கிறேன். 4.8-க்குக் கீழே இறங்கினால் முதலில் அடாப்டர் ஜாக்கைத் தொட்டுப் பார்ப்பேன். அது சுட்டால் தொடர்பு தளர்ந்திருக்கிறது.