டிசம்பரில் ஜோகூர்க் கரைக்குக் கூடாரம், தூண்டில் என்று ஆள் சேர்க்கிறார்களா? பணம் அனுப்பும் முன் படியுங்கள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் ஜோகூர் கிழக்குக் கரையில் ஒரு மீனவக் கிராமம், கடலோரம் கூடாரம், படகில் போய் மீன் பிடிக்கலாம், இரவில் கணவாய் பிடிக்கலாம் என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால் தயவுசெய்து நில்லுங்கள். நவம்பர் கடைசி, டிசம்பரில் அந்தக் கடலில் பொறுப்புள்ள யாரும் சுற்றுலாவுக்குப் படகு இறக்கமாட்டார்கள். விற்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும். எங்களிடம் பணம் வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு என்னிடம் ஆதாரமே இருக்கிறது. போன டிசம்பரில் எங்களோடு சேர்த்து நான்கு குடும்பங்கள் ஏமாந்தோம். இந்த வாரம் அதே படங்கள், வேறு பெயரில், எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டன. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏற்பாட்டாளரின் பெயரை நான் போடவில்லை. விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறது. கிராமத்தின் பெயரையும் சொல்லவில்லை. கோத்தா திங்கி தாண்டி உள்ளே போக வேண்டிய ஊர், அவ்வளவு போதும். அந்த ஊர் மக்கள் மேல் எள்ளளவும் குற்றமில்லை. அவர்கள் இல்லையென்றால் அன்றிரவு எங்கள் பாடு என்ன ஆகியிருக்குமோ.

என் கணவர் வாரக் கடைசி ஆனால் பிடோக் படகுத்துறையில் தூண்டிலோடு நிற்பவர். இங்கே சிங்கப்பூரில் நீர்த்தேக்கங்களில் ஒதுக்கிய இடங்களில் மட்டும்தான் மீன் பிடிக்கலாம், அதுவும் செயற்கை இரைதான் போட வேண்டும். கடற்கரைப் பூங்காவில் கூடாரம் போட அனுமதி எடுக்க வேண்டும். பிள்ளைகளோடு ஓர் இரவு கடலோரம் படுத்து, விடியற்காலையில் உயிர் இறால் கோர்த்துத் தூண்டில் வீச வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. விளம்பரம் தமிழில் வந்தது, பேசியவரும் நம்ம பிள்ளை. பெரியவர்களுக்கு 190 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பிள்ளைகளுக்கு 120. வேன், கூடாரம், வேளாவேளைக்குச் சாப்பாடு, தூண்டில் சாமான், காலையில் கடல் படகு, இரவில் கணவாய் எல்லாம் அதில் அடக்கம் என்றார்.

நான் கேட்காமல் இல்லை. "தம்பி, டிசம்பர்ல அந்தப் பக்கம் மழைக்காலமாச்சே, படகு போகுமா?" என்று எழுதியே கேட்டேன். "அக்கா, அது குடாப் பக்கம், அலையே இருக்காது. வருஷம் முழுக்க ஆள் கூட்டிட்டுப் போறோம், நீங்க கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தது. மாமியார் சைவம் என்று சொன்னேன். "தனியா சமைக்கச் சொல்லிடுறேன்கா" என்றார். பிள்ளைகள் அளவுக்கு உயிர்காப்பு அங்கி உண்டா என்றும் கேட்டேன். "எல்லா சைஸும் இருக்கு." இந்த மூன்று பதிலும் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன. மூன்றும் பொய்.

புதிதாகப் போகிறவர்களுக்காகக் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜோகூரின் கிழக்குக் கரை தென்சீனக் கடலைப் பார்த்து அப்படியே திறந்து கிடக்கிறது, காற்று நேராக வந்து அடிக்கும். அந்த மாதங்களில் மெர்சிங்கிலிருந்து தியோமான் தீவுக்குப் போகும் படகுகளே குறைந்துவிடும். அங்குள்ள தீவுகளில் தங்குவிடுதிகள் பலவும் கதவைச் சாத்திவிடும். மழை பிடித்துக்கொண்டால் சாலையையும் நம்ப முடியாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது பலருக்கும் நினைவிருக்கும். ஆண்டின் நடுவில் போனால் அதே கரை அமைதியாக இருக்கும், கணவாய்க்கும் அதுதான் காலம். ஆனால் நமக்கு நீண்ட விடுமுறை வருவது ஆண்டிறுதியில். அந்த ஆசையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

ஈசூனில் எங்களை ஏற்ற வந்த வேன் மலேசியப் பதிவெண் கொண்ட சொந்த வண்டி. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெருங்கும்போது ஓட்டுநர் திரும்பி, "யாராவது கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க" என்றார். வண்டிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர்களில் பலரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றும் இப்படிப்பட்ட எல்லை தாண்டும் வண்டிகளை நிலப் போக்குவரத்து ஆணையம் பிடித்துப் பறிமுதல் செய்கிறது. பாதி வழியில் வண்டி பறிபோனால் பிள்ளைகளோடு சாலையில் நிற்கப் போவது நாம்தான். விபத்து என்று வந்தால் காப்புறுதி கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை.

போய்ச் சேர்ந்தபோது தூறல். கடல் சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. மீனவர்களின் படகுகளெல்லாம் ஆற்றுக்குள் ஏற்றிக் கட்டிக் கிடந்தன. அதைப் பார்த்ததுமே என் கணவர் முகம் மாறிவிட்டது. ஏற்பாட்டாளர் வரவில்லை. அவர் அனுப்பிய பையன் ஒருவன் மட்டும் கூடாரங்களை அடித்துக்கொண்டிருந்தான். விளம்பரப் படத்தில் சவுக்கு மரங்களுக்கு அடியில் பலகை மேடை, அதன்மேல் வரிசையாகக் கூடாரங்கள். நாங்கள் பார்த்தது வெறும் மணல். எங்கள் கூடாரத்தின் ஜிப் பல் போய், வாசலை ஊக்கு குத்தி மூடியிருந்தார்கள். தரைத்துணியின் தையல் ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்திருந்தது. உள்ளே யாரோ தின்றுபோட்ட கோழி எலும்புகூடக் கிடந்தது.

இடத்துக்குச் சொந்தக்காரரான பாக்சிக் (மலாய்ப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) குடை பிடித்துக்கொண்டு வந்து பையனை அதட்டினார். மணலில் காய்ந்த கடற்பாசியும் சிப்பியும் ஒரு கோடாக ஒதுங்கியிருந்ததை எங்களுக்குக் காட்டினார். முந்தைய கடலேற்றத்துக்குத் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. கூடாரங்கள் அந்தக் கோட்டுக்குக் கடல் பக்கம் நின்றன. அன்று அமாவாசைக்கு அடுத்த நாள், ஏற்றம் பெரிதாக இருக்கும், பின்னால் காற்றும் தள்ளுகிறது, இங்கே படுக்காதீர்கள் என்றார். எல்லாரும் சேர்ந்து கூடாரங்களைப் பிடுங்கி மேட்டுக்குக் கொண்டுபோனோம். நள்ளிரவுக்குமேல் நான் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முதலில் எங்கள் கூடாரம் நின்ற இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் அலைந்துகொண்டிருந்தது. என் சின்னவனுக்கு ஆறு வயது. அவன் அங்கேதான் தூங்கியிருப்பான்.

என் கணவருக்கு மலாய் நன்றாக வரும். பாக்சிக்கோடு உட்கார்ந்து பேசியபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. அவர் கேட்டது கூடாரத்துக்கு 20 ரிங்கிட் இட வாடகை மட்டும். அதற்கும் ஏற்பாட்டாளர் கொடுத்திருந்தது 50 ரிங்கிட் முன்பணம், மிச்சத்தை வந்தவர்கள் தருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு பாக்சிக் தன் கைப்பேசியை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். அது நவம்பரில் அவர் ஏற்பாட்டாளருக்கு அனுப்பியது. டிசம்பரில் படகு கிடையாது, கடலிலும் இல்லை, ஆற்று வாயிலும் இல்லை, பிள்ளைகளைக் கூட்டி வராதே என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அதற்கு வந்திருந்த பதில் ஒரு கட்டைவிரல் படம். அந்தத் தேதிக்குப் பிறகுதான் எங்களிடம் இரண்டாவது தவணை கேட்டு வாங்கினார்கள். பாக்சிக்கின் சம்மதத்தோடு அதைப் படம் பிடித்து, குரல் பதிவையும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டோம்.

சாப்பாட்டுக்கு வந்தவை பெட்டி பெட்டியாகக் கப் மீ (வெந்நீர் ஊற்றித் தின்னும் கோப்பை நூடல்ஸ்), அத்தனையும் கோழிச் சுவை. மாமியார் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு பாக்சிக் வீட்டு மாக்சிக் (அம்மா) என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். எதெது ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பிளாச்சான் (இறால் விழுது) போடாமல் கங்கோங் கீரை வதக்கி, சுடுசோறு வைத்துக் கொடுத்தார். பணம் கொடுத்தால் வாங்கவே மாட்டேன் என்றார். அவர்கள் வீட்டுப் பையனின் பள்ளிச் செலவுக்கு என்று வற்புறுத்தித்தான் கையில் வைத்தேன். கழிவறைக்கும் அவர்கள் வீட்டுக்குத்தான் போனோம். அங்கே வேறு ஏற்பாடு எதுவுமே இல்லை.

மறுநாள் காலை ஏற்பாட்டாளர் அனுப்பிய அந்தப் பையன், ஆளுக்கு 80 ரிங்கிட் தந்தால் ஆற்று முகத்துவாரம் வரைக்கும் ஒரு படகு பேசித் தருகிறேன் என்றான். உயிர்காப்பு அங்கிகளை எடுத்து வரச் சொன்னோம். எல்லாமே பெரியவர் அளவு. ஒன்றில் கொக்கியே இல்லை, இன்னொன்றின் வாரைப் பிளாஸ்டிக் கயிற்றால் முடிந்திருந்தார்கள். சிறுவனுக்குப் பெரிய அங்கியை மாட்டினால் தண்ணீரில் விழுந்ததும் அங்கி மேலே வந்துவிடும், பிள்ளை கீழே நழுவிவிடும். வற்றத்தில் ஆறு வெளியே இழுக்கும்போது எதிரே அலை அடிக்கும் இடம் முகத்துவாரம். அனுபவம் உள்ளவர்களே அந்த நேரத்தில் அங்கே போகத் தயங்குவார்கள். என் கணவர் முடியாது என்று சொல்லிவிட்டார். மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார். யாரும் ஏறவில்லை.

திரும்பி வந்து ஏற்பாட்டாளரிடம் பணத்தைக் கேட்டோம். "இயற்கைக்கு நான் என்ன செய்ய முடியும்கா" என்றார். குரல் பதிவு எங்களிடம் இருப்பதைச் சொன்னதும், பாதியைத் திருப்பித் தருகிறேன் என்றார். மாதக்கணக்கில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார். பிறகு குழுவைக் கலைத்துவிட்டு எண்ணை மாற்றிக்கொண்டார். போலிஸில் புகார் கொடுத்தோம். வண்டியும் கூடாரமும் எப்படியோ கொடுத்திருப்பதால் இது சிவில் வழக்காகத்தான் போகும் என்றார்கள். விளம்பரப் படங்களை என் மகள் கூகல் லென்ஸில் போட்டுப் பார்த்தாள். மேடையும் சவுக்கு மரமும் வேறு யாரோ தங்கள் பயணத்தில் எடுத்து வலையில் போட்ட படம். படகு படம் இந்தோனேசியாவில் ஒரு கெலோங்குடையது (கடலில் கால் நட்டுக் கட்டிய மீன்பிடி மேடை).

சிங்கப்பூரில் பயணமும் தங்குமிடமும் சேர்த்துச் சுற்றுலா விற்க, பயணத்துறைக் கழகத்தின் பயண முகவர் உரிமம் வேண்டும். யாரிடம் உரிமம் இருக்கிறது என்பதைக் கழகத்தின் டிரஸ்ட் இணையத்தளத்தில் காசில்லாமல், ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விளம்பரத்தில் டிஏ என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா, அந்த எண் அதே நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஆளின் பெயரும் அவர் ரசீதில் இருந்த நிறுவனத்தின் பெயரும் அதில் இல்லவே இல்லை. உரிமம் இல்லாமல் தொழில் நடத்தினால் அபராதமும் சிறையும் உண்டு. கழகத்திடம் நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். பேநவ் பணப் பரிமாற்றத்தில் தனி ஆளின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்னைக் கேளுங்கள். எங்கள் முன்பணம் யுஇஎன்னுக்குப் போனது, அதனால்தான் வழக்குப் போட ஒரு முகவரியாவது கிடைத்தது. இரண்டாவது தவணை வாங்கியபோது தனி எண்ணைக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே இடம் வைத்திருப்பவரின் எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே பேசுங்கள். மலாய் தெரிந்தவர் நம் வீட்டில் இல்லையென்றாலும் பக்கத்து வீட்டிலாவது இருப்பார். அந்த ஒரு அழைப்பை நாங்கள் கேட்டபோது, "அங்க லைன் கிடைக்காதுக்கா" என்று தட்டிக் கழித்தார்கள். பாக்சிக் வீட்டு வாசலில் நின்றால் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான். அரசாங்க இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே மனுப் போடலாம். நிறுவனத்தின் பதிவு முகவரியை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் 5 வெள்ளி 50 காசுக்கு எடுத்தோம். எப்படிப் போவது என்று தெரியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். மோசடியா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தால் ஸ்கேம்ஷீல்ட் மோசடித் தடுப்பு உதவிச் சேவையின் 1799 எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அவர் குழுவைக் கலைப்பதற்கு முன் நாங்கள் எல்லாவற்றையும் தரவிறக்கி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

எங்கள் மனு நிலுவையில் இருக்கிறது, முதல் கலந்தாலோசனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்த வேனில் எங்களோடு வந்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் மனுவை நீங்களும் தனியாகப் போடுங்கள். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், பாதி ஓடிப்போய்விட்டது. பாக்சிக்கின் குரல் பதிவு, கட்டைவிரல் பதில், கொக்கி இல்லாத அங்கியின் படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் அன்றே அனுப்புகிறேன்.