டியூஷனா, தையலா?

நான் தனியார் பள்ளி ஆசிரியை. சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டாது. மே மாதம் பல பள்ளிகளில் அதுவும் கிடையாது. அதனால் பக்க வருமானத்துக்கு டியூஷன், தையல் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

டியூஷனுக்கு முதலீடு ஒரு பாய், ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். ஆனால் பகலெல்லாம் கத்திய தொண்டையோடு ஆறு மணிக்கு மறுபடியும் அதே வாய்ப்பாடு. ஃபீஸ் கேட்டால் "அடுத்த வாரம் தர்றேன் மிஸ்" என்பார்கள்; பிள்ளை முகத்தைப் பார்த்தால் வற்புறுத்தவும் வராது. அப்புறம், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. தெருவுக்குத் தெரு நடக்கிறது, அது வேறு விஷயம். தன் வகுப்புப் பிள்ளையையே டியூஷனுக்கு இழுப்பது மட்டும் எனக்கு அறவே பிடிக்காது.

தையலுக்கு மெஷின் வாங்க வேண்டும், கை பழக மாதங்கள் ஆகும். லைனிங் ஜாக்கெட்டில் கை அரை இஞ்ச் இறுக்கிவிட்டால் பிரித்துத்தான் தைக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் துணி விட்டிருந்தால் தப்பித்தோம். ஆனால் வாய்க்கு ஓய்வு. ஜாக்கெட்டைக் கொடுக்கும்போதே காசு. பள்ளி மூடி டியூஷன் பாய் சுருட்டிக் கிடக்கும் மே மாதத்தில்தான் கல்யாண ஜாக்கெட்டுகள் வந்து குவியும். எனக்குத் தையல்தான் சரி.