வேலூர்ல ஓஎஸ் (விண்டோஸ்) மாத்தக் குடுக்கிறவங்க கவனத்துக்கு: ரூ.14,500 வாங்கிட்டு, மிச்சம் இருந்த டேட்டாவையும் அழிச்சிட்டாங்க

கடை பேரு போடல. வேலூர் டவுனுக்குள்ள ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை, வெளிய போர்டுல "டேட்டா ரெக்கவரி"ன்னு பெருசா எழுதியிருக்கும், அவ்வளவுதான் சொல்றேன். பணம் கட்டினது குடியாத்தத்துல கைலி மொத்த வியாபாரம் பண்ற எங்க மாமா. மொத்தம் ரூ.14,500. பணத்தோட போயிருந்தா இவ்ளோ எழுத மாட்டேன். எடுத்திருக்கக்கூடிய டேட்டாவை எடுக்குறேன்னு சொல்லியே அழிச்சிருக்காங்க.

லேப்டாப் நீல ஸ்கிரீன்லயே நின்னுடுச்சு. 1 டிபி ஹார்ட் டிஸ்க், சி, டின்னு ரெண்டு டிரைவ். "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், புதுசா போட்டுடலாம், 800 ரூபா"ன்னு சொல்லியிருக்காங்க. கணக்கு உள்ள இருக்கேன்னு மாமா கேட்டதுக்கு, "டி டிரைவ்ல கையே வெக்க மாட்டோம் சார், பயப்படாதீங்க"ன்னு பதில். கணக்கு சாஃப்ட்வேர் டேலி எந்த டிரைவ்ல இருக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. அது சி டிரைவ்லதான் இருந்துச்சு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே தானா உக்கார்றது சி டிரைவ்லதான். தினமும் ஓஎஸ் போடுற கடைக்கு இது தெரியாதா?

விண்டோஸ் போடும்போது கஸ்டம் இன்ஸ்டால் போயி, பழைய சி டிரைவ் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் அமுக்காம நெக்ஸ்ட் குடுத்தாலே போதும். பழைய ஃபைல் எல்லாம் விண்டோஸ்.ஓல்டுன்னு ஒரு ஃபோல்டருக்குள்ள போயிடும். அதுக்குள்ள யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து காப்பி பண்ணிக்கலாம். சி டிரைவ்ல இடமும் நிறைய காலியா இருந்துச்சு. பழக்க தோஷத்துல ஃபார்மேட் அமுக்கியிருக்காங்க.

டேலி இல்லன்னதும் திரும்பப் போனா, "ஃபார்மேட் பண்ணாலும் டேட்டா எங்கயும் போகாது சார், சாஃப்ட்வேர் போட்டு எடுத்துடலாம், 95 பர்சன்ட் கியாரண்டி"ன்னு சொல்லி அட்வான்ஸ் 5,000 வாங்கினாங்க. பேச்சுல முதல் பாதி உண்மை. அதனாலதான் மாமாவுக்கும் நம்பிக்கை வந்துச்சு. உண்மை எது வரைக்கும்னு சொல்லிடுறேன்.

விண்டோஸ் செட்டப் பண்றது குவிக் ஃபார்மேட். ஹார்ட் டிஸ்க்கா இருந்தா, எந்த ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வெச்சிருக்கிற மாஸ்டர் ஃபைல் டேபிளை மட்டும் புதுசா ஆரம்பிக்கும். ஃபைலோட உள்ளடக்கம் அதே இடத்துலதான் கிடக்கும். ஆனா புது டேபிள் வழக்கமா பழைய டேபிள் இருந்த இடத்துலயே தொடங்கும். ஒரு ஃபைலுக்கு 1 கேபி கணக்குல, புது விண்டோஸோட லட்சத்துக்கு மேற்பட்ட ஃபைலுக்கும் எழுதிக்கிட்டே வரும்போது பழைய டேபிளோட முன்பகுதி அழியும். பின்பகுதி தப்பிச்சிருந்தா அதை வெச்சு பேரு, ஃபோல்டர் எல்லாத்தோடயும் ஃபைலை எடுக்கலாம். அதுக்குப் பிறகு அந்த விண்டோஸை ஓட விட்டா ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்தான். அப்டேட் ஜிபி கணக்குல இறங்கும், விண்டோஸ் தானா வெச்சுக்கிற பேஜ் ஃபைல் வளரும், ஹைபர்னேஷன் ஃபைல் ரேம் அளவுக்கு ஏத்த மாதிரி இடம் புடிக்கும்.

அதனால முறையா செய்றவங்க முதல்ல மெஷினை ஆஃப் பண்ணுவாங்க. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல சாட்டா கேபிள்ல மாட்டி, டிடிரெஸ்க்யூ மாதிரி ஒரு டூல்ல முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டரா இன்னொரு டிஸ்க்குக்கு இமேஜ், அதாவது அச்சு அசலான நகல் எடுப்பாங்க. 1 டிபின்னா செகண்டுக்கு 100 எம்பி வேகத்துல 3 மணி நேரம் ஆகும். தேடுறது, எடுக்குறது எல்லாம் அந்த இமேஜ்லதான். அசல் டிஸ்க்குல ஒரு எழுத்து எழுதக் கூடாது.

இவங்க பண்ணது இதுக்கு நேர் எதிர். புதுசா போட்ட அதே விண்டோஸை ஓட்டி, டெஸ்க்டாப்லயே ஃபோட்டோரெக்ங்கிற ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி, எடுத்த ஃபைலையும் அதே சி டிரைவ் டெஸ்க்டாப்புலயே கொட்டியிருக்காங்க. ஜிபி கணக்குல. அதாவது மீட்ட ஒவ்வொரு ஃபைலும் மீட்க வேண்டிய இன்னொரு ஃபைல் மேல போயி உக்கார வாய்ப்பு. எந்த பார்ட்டிஷன்ல ஃபைல் தொலைஞ்சதோ அதே பார்ட்டிஷன்ல சேமிக்காதேன்னு அந்த சாஃப்ட்வேரோட வழிகாட்டிலயே தெளிவா இருக்கு. அது இலவச சாஃப்ட்வேர், நல்ல சாஃப்ட்வேரும் கூட. ஆனா அது டேபிளைப் பாக்காது, ஃபைலோட ஆரம்ப அடையாளத்தை வெச்சுத்தான் தேடும். அதனால பேரு வராது, எஃப்னு தொடங்கி நம்பர்தான் வரும். டேலி ஈஆர்பி 9ல ஒரு கம்பெனிக்கு நம்பர் போட்ட ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள .900ன்னு முடியிற பல ஃபைல். அத்தனையும் அதே பேரோட ஒரே ஃபோல்டர்ல இருந்தாத்தான் கம்பெனி திறக்கும். இதுக்கு அந்த வழி சரிப்படாதுன்னு தொழில் தெரிஞ்சவன் முதல் நாளே சொல்லியிருப்பான்.

"95 பர்சன்ட் வந்துடுச்சு சார்"ன்னு மீதி 8,700 வாங்கிட்டு லேப்டாப்பைக் குடுத்தாங்க. ஆயிரக்கணக்குல படம். பிரவுசர் கேஷ்ல இருந்த குட்டிக் குட்டிப் படம், ஐகான். டேலி ஒரு ஃபைல் இல்ல. 800, 5,000, 8,700, ஆக ரூ.14,500.

கேக்கப் போனா முதல்ல "ஓனர் வெளிய போயிருக்காரு". அடுத்து "ஹார்ட் டிஸ்க்ல பேட் செக்டர் சார், நாங்க என்ன பண்றது". டிஸ்க் தன்னோட நிலைமையைத் தானே பதிஞ்சு வெக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்துப் பாத்தோம்: ரீஅலோகேட்டட் செக்டர் 0, பெண்டிங் செக்டர் 0, அதாவது கெட்டுப்போன இடம்னு எதுவும் பதிவாகல. அதைக் காட்டினதும் "சென்னை லேபுக்கு அனுப்பித்தான் பாத்தோம்"னு மாத்தினாங்க. விண்டோஸோட பதிவேடான ஈவென்ட் வியூவர்ல 6005, 6006ங்கிற எண்ணைத் தேடினா லேப்டாப் எப்ப ஆன் ஆச்சு, எப்ப ஆஃப் ஆச்சுன்னு தெரியும். சென்னையில இருந்ததா சொன்ன நாள்ல எல்லாம் அந்த டிஸ்க் இதே லேப்டாப்புக்குள்ள ஓடிக்கிட்டு இருந்திருக்கு. கடைசியா போன்ல "ரெக்கவரி சார்ஜ் ரிட்டர்ன் கிடையாது"ன்னுட்டு வெச்சிட்டாங்க. பில்லும் குடுக்கல.

ஜிஎஸ்டி போர்ட்டல்ல தாக்கல் பண்ணது மட்டும் மிச்சம். எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, எந்தத் தறிக்காரருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போயிருக்குன்னு அதுல இருக்காது. வயசான மனுஷன் கையெழுத்து நோட்டை வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு இருக்காரு. பாக்கவே வயிறு எரியுது.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. அவசரத்துக்குச் சிலது. ஓஎஸ் போடக் குடுக்கும்போது "ஃபார்மேட் பண்ணாதீங்க"ன்னு ஜாப் ஷீட்லயே எழுத வையுங்க. டேட்டா இல்லன்னு தெரிஞ்ச நொடியே ஆஃப் பண்ணுங்க, மறுபடி ஆன் பண்ணவே பண்ணாதீங்க. ஹார்ட் டிஸ்க் இல்லாம எஸ்எஸ்டின்னா (சிப்ல சேமிக்கிற டிஸ்க்), ஃபார்மேட்டோட, பழைய டேட்டா வேண்டாம்னு சொல்ற டிரிம் கட்டளையும் போயிடும், பெரும்பாலும் ஒண்ணும் மிஞ்சாது. அதுக்கு யாராவது கியாரண்டி குடுத்தா பணம் கட்டாதீங்க. விண்டோஸ் 11ல டிஸ்க்கைப் பூட்டி வெக்கிற பிட்லாக்கர் தானாவே ஆன் ஆகியிருக்கலாம், 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல பாத்து முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. "இமேஜ் எடுப்பீங்களா, எந்த டிஸ்க்குல சேமிப்பீங்க"ன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியலன்னா லேப்டாப்பை வாங்கிட்டு வந்துடுங்க. பில் இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க.

எங்க கிட்ட ஜிபே ரசீது இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் குடுக்கறோம், அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும்னா அங்க கட்டணம் கிடையாது. இதே மாதிரி "ரெக்கவரி" பண்ணி வாங்கினவங்க டெஸ்க்டாப்ல ரெகப்_டிர்.1னு (recup_dir.1) ஆரம்பிக்கிற, ஃபோட்டோரெக் உருவாக்குற ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. இருந்தா எதையும் அழிக்காம மெஷினை ஆஃப் பண்ணிட்டு, பணம் கட்டின ரசீதோட எனக்குத் தகவல் குடுங்க, சேர்ந்தே மனு போடலாம்.