லேமினேட் தரைக்கான தெளிப்பு மாப் தொகுப்பு: ஓராண்டு பயன்படுத்திய பின்

டைல்ஸ் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பழகிய கை, லேமினேட் தரைக்கு மாறிய பிறகும் வாளியைத்தான் தேடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. சொட்டச் சொட்ட நனைத்த மாப்பால் நாள்தோறும் துடைத்ததில், சமையலறை வாசலை ஒட்டிய இரண்டு பலகைகளின் விளிம்புகள் சில மாதங்களிலேயே உப்பி எழும்பிவிட்டன. வெறுங்காலோடு நடந்தால் அந்த மேடு இன்றும் பாதத்தில் தட்டுப்படுகிறது. அதன் பிறகே லேமினேட் தரைக்கென்று தனியாக விற்கப்படும் பராமரிப்புத் தொகுப்பு ஒன்றை வாங்கி, ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ இதே பொருள்களைக் கொண்ட தொகுப்புகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. ஆகவே பெட்டியின் மேலிருக்கும் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியில் இருந்தவை இவை: கைப்பிடியில் விசையை அழுத்தினால் திரவம் தெளிக்கும் தட்டையான மாப், துவைத்துப் பயன்படுத்தக்கூடிய 2 மைக்ரோஃபைபர் துணிகள், ஒரு புட்டி துப்புரவுத் திரவம், நாற்காலி மேசைக் கால்களின் அடியில் ஒட்டுவதற்கான ஃபெல்ட் (கம்பளி போன்ற தடித்த துணி) வில்லைகள், ‘பளபளப்பை மீட்கும்’ என்ற உறுதிமொழியோடு இன்னொரு சிறு புட்டி.

இவற்றை மதிப்பிடுவதற்கு, காலடியில் இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். 1977இல் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் உருவாக்கி, பின்னர் பெர்கோ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தத் தரை, மரம் போலத் தோன்றினாலும் மரப்பலகை அன்று. மரநாரைப் பிசினோடு சேர்த்து மிகுந்த அழுத்தத்தில் இறுக்கிய பலகை நடுவில் இருக்கிறது. அதன்மேல் மரத்தின் ரேகைகளை அச்சிட்ட காகிதம். அதற்கும் மேலே, அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்த மெலமின் பிசினாலான, கண்ணாடி போன்ற காப்புப் படலம். பலகையின் மொத்தக் கனம் பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும்; காப்புப் படலமோ ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். மரத்தரையைத் தேய்த்து மீண்டும் மெருகூட்டுவது போல இதைத் தேய்க்க முடியாது. தேய்த்தால் அச்சிட்ட காகிதம் போய்விடும். மேற்பரப்பின் வழியே தண்ணீர் எளிதில் இறங்காது. ஆனால் பலகைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இணைப்புகளில் அது மெல்ல இறங்கும். அங்கே இறுக்கி வைக்கப்பட்டிருந்த நார் தண்ணீரைக் குடித்து விரிந்தால், காய்ந்த பிறகும் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. எங்கள் வாசலில் நடந்தது இதுதான்.

இந்த அறிவோடு பார்த்தால், தொகுப்பிலேயே சிறந்த பொருள் மாப்தான். வாளியில் முக்கிப் பிழியும்போது துணியில் எவ்வளவு ஈரம் தங்குகிறது என்பது பிழிபவரின் கைவலிமையையும் அன்றைய அவசரத்தையும் பொறுத்தது. இதில் அப்படியன்று, ஒரு முறை அழுத்தினால் மெல்லிய பனி போன்ற தூறல் விழுகிறது, அதைத் துணி உடனே பரப்பிவிடுகிறது. துடைத்த இடம் ஓரிரு நிமிடங்களில் காய்ந்துவிட வேண்டும் என்பதை நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். அதற்கு மேலும் ஈரம் தெரிந்தால் தெளித்தது அதிகம். பலகையின் நீளவாக்கில் துடைத்தால் கோடுகள் விழுவதில்லை. தட்டின் கழுத்து எல்லாப் பக்கமும் திரும்புவதால் கட்டிலுக்கு அடியிலும் எளிதாகச் செல்கிறது. குறை என்று சொன்னால், தெளிப்பானின் துளை சில மாதங்களில் அடைத்துக்கொண்டது. வெந்நீரில் ஊறவைத்ததும் சரியாயிற்று. அப்போது முதல், வேலை முடிந்ததும் புட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி இரண்டு முறை அழுத்திவிட்டே எடுத்து வைக்கிறேன்.

மைக்ரோஃபைபர் துணிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த மிக நுண்ணிய இழைகளின் இடுக்குகளில்தான் தூசி சிக்குகிறது. துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்துத் துவைத்தால் அந்த இழைகளின் மேல் ஒரு படலம் படிந்து, துணி தூசியைப் பிடிக்காமல் தள்ளிக்கொண்டே போகும். பெட்டியில் இருந்த கையேட்டில் இது மிகச் சிறிய எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது; முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மேலும், ஒரு பெரிய அறைக்கு ஒரு துணி போதாது. அழுக்கேறிய துணியால் தொடர்ந்து துடைப்பது, அழுக்கை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பூசுவதாகவே முடியும். குறைந்தது 4 துணிகள் வேண்டும்.

துப்புரவுத் திரவம் நடுநிலையானது. அமிலமும் இல்லை, காரமும் இல்லை. நுரை மிகக் குறைவு, காய்ந்த பின் எச்சம் எதுவும் தங்குவதில்லை. சோப்புக் கலந்த திரவங்களால் துடைத்த காலத்தில் மாலை வெயில் சாய்வாக விழும்போது தரை முழுவதும் மங்கலான திட்டுகள் தெரியும். அவை சோப்பின் படலம் என்பதை, இந்தத் திரவத்துக்கு மாறிய சில வாரங்களில் அவை கரைந்து போனபோதுதான் உணர்ந்தேன். இருந்தாலும், நாள்தோறும் இதைத் தெளிக்கத் தேவையில்லை. பெரும்பாலான நாள்களில் உலர்ந்த துணியே போதும். மார்க்கர் மையும் நகப்பூச்சும் இதற்கு அசைவதில்லை. அவற்றுக்கு வெள்ளைத் துணியின் நுனியில் சிறிதளவு அசிட்டோன் தொட்டுத் துடைத்து, உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதுமானது. மெலமின் பிசின் அதைத் தாங்கும்.

‘பளபளப்பை மீட்கும்’ புட்டியைத்தான் என்னால் எந்த வகையிலும் பரிந்துரைக்க முடியவில்லை. மரத்தரைக்கு மெழுகு பூசுவதில் பொருள் உண்டு, ஏனெனில் மரம் அதை உறிஞ்சும். மெலமின் படலம் எதையும் உறிஞ்சாது; பூசியது மேலேயே நின்று, தூசியைப் பிடித்து, கால் படும் பாதைகளில் மட்டும் தேய்ந்து போகும். நான் இதைக் கூடத்தில் பூசினேன். முதல் வாரம் தரை உண்மையாகவே மின்னியது. நான்காவது வாரம், சோபாவிலிருந்து கதவு வரை யார் எப்படி நடக்கிறார்கள் என்பது தரையில் வரைபடம் போலத் தெரிந்தது. பூச்சு ஏறிய தரை ஈரம் பட்டால் வழுக்கவும் செய்தது. வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கருத வேண்டும். அந்தப் படலத்தை முற்றிலும் நீக்க மூன்று விடுமுறை நாள்கள் ஆயின. லேமினேட் தரை மங்கியிருந்தால், அதன்மேல் இன்னொன்றைப் பூசுவதைவிட ஏற்கெனவே படிந்திருப்பதை எடுப்பதே சரியான வழி.

ஃபெல்ட் வில்லைகளின் பயன் பெரிது, தரம் நடுத்தரம். மேசையை இழுக்கும்போது எழும் கிறீச்சொலி நின்றது. புதிய கீறல்களும் இல்லை. ஆனால் அடிக்கடி நகர்த்தும் உணவு மேசை நாற்காலிகளில், பின்னால் இருக்கும் பசை மூன்று மாதங்களுக்குள் விட்டுவிட்டது. அப்படி நழுவிய வில்லையின் ஓரத்தில் மணல்துகள் ஒட்டிக்கொண்டால், காக்க வேண்டிய வில்லையே உப்புத்தாள் போல ஆகிவிடும். மாதம் ஒருமுறை நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. மரக்கால்களுக்குத் திருகாணியோ ஆணியோ கொண்டு பொருத்தும் ஃபெல்ட் காலணிகள் இதைவிட நீடிக்கின்றன. கால்களில் சக்கரம் பொருத்திய அலுவலக நாற்காலிகளுக்கு எந்த வில்லையும் உதவாது. கம்பளத்துக்கான கடினச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கடினத் தரைக்கென்று விற்கப்படும் மென்மையான விளிம்புள்ள சக்கரங்களை மாட்ட வேண்டும்.

மணலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொகுப்பு அதற்கு எந்த வழியும் தரவில்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அலுமினியம் ஆக்சைடு 9, மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 7. அப்படியானால் மணல் கீறக் கூடாதே என்று தோன்றலாம். ஆனால் அந்தத் துகள்கள் பிசினில் தூவியவை போல இடைவெளி விட்டே இருக்கின்றன. இடையில் உள்ள பிசின் குவார்ட்ஸைவிட மிகவும் மென்மையானது. காலணியில் ஒட்டி வரும் மணல் அந்த இடைவெளிகளைத்தான் அரைக்கிறது. ஆகவே வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு கால்மிதிகளும், சுழலும் தூரிகையை நிறுத்தி வைக்கக்கூடிய வாக்குவம் கிளீனரும் இல்லாத வீட்டில் எந்த மாப்பும் பாதி வேலையையே செய்யும். மணல் கிடக்கும் தரையில் ஈரத்துணியை இழுப்பது அந்த அரைப்புக்கு உதவி செய்வதாகும். முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும், பிறகே துடைக்க வேண்டும்.

கையேட்டில் இன்னொரு குறை உண்டு. நீராவி மாப்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. பல லேமினேட் தயாரிப்பாளர்கள் அதை வேண்டாம் என்றே சொல்கிறார்கள். சூடும் ஈரமும் அழுத்தத்தோடு இணைப்புக்குள் புகுந்தால் வாளித் தண்ணீரைவிட விரைவாக விளிம்புகள் உப்பும். புதிதாக வாங்குபவர்கள் தேடிப் படிக்கும் இடம் கையேடுதான் என்பதால், இந்த விடுபாடு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

மாப்பையும் துணிகளையும் திரவத்தையும் தனித்தனியாக வாங்க முடிந்தால் அப்படியே வாங்குங்கள்; மீதமாகும் தொகையில் கூடுதலாக இரண்டு துணிகளும் ஆணி வைத்த ஃபெல்ட் காலணிகளும் கிடைக்கும். தொகுப்பாகத்தான் கிடைக்கும் என்றால் வாங்கலாம். பளபளப்புப் புட்டியை மட்டும் திறக்காமல் வைத்துவிடுங்கள். வாசலில் உப்பிய அந்த இரண்டு பலகைகளை எந்தத் திரவமும் சரிசெய்யாது. தரை போட்டபோது மிஞ்சிய பலகைகள் ஒரு பெட்டி பரண்மேல் பத்திரமாக இருப்பதால், அந்தப் பக்கச் சுவரிலிருந்து வரிசையாகக் கழற்றி, அவை இரண்டையும் மாற்றப் போகிறேன்.