விக்சனரி: சொற்சேர்க்கைகளுக்கும் இடம் தரும் அகராதி

மட்டக்களப்பில் தமிழ் படிப்பிக்கிற எனக்கு விக்சனரி என்ற இணைய அகராதி நிரம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பொருளோடு நிற்காமல் ஒரு சொல் எதனோடு சேர்ந்து வரும் என்பதையும் அதில் யாரும் எழுதி வைக்கலாம். ஆங்கில விக்சனரியில் இதற்கென்றே தனித் தலைப்பு உண்டு. 2004 இல் தொடங்கிய தமிழ்ப் பதிப்பில் நம்மவர்கள் கை வைக்க வேண்டும்: வேளாண்மை வெட்டுதல் (நெல் அறுத்தல்), சூடு அடித்தல் (கதிரடித்தல்), கூத்துப் பழக்குதல், கண்ணகை அம்மன் கோயில்களில் குளுத்தி (அம்மனைக் குளிர்விக்கும் சடங்குப் பாட்டு) பாடுதல், இவையெல்லாம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இன்றும் புழங்குபவை, பிரித்து எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். கைபேசியில் தொகுப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், கணினி என்றால் சுகம். பிழை விட்டாலும் பழைய பதிப்பை மீட்டுவிடலாம், அதனால் பயப்படாமல் எழுதுங்கள், அப்புறம் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் கட்டாயம் போடுங்கள்.