மேசை சென்ட்ரிஃபியூஜ்: மைக்ரோவெசிக்கிள் வேலைக்குப் போதுமா?

அவிநாசிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் குளிரூட்டும் வசதியுள்ள மேசை சென்ட்ரிஃபியூஜை, அதாவது டியூப்களை வேகமாகச் சுற்றிக் கனமானதை அடியில் படியவைக்கும் மிஷினை, வருஷக்கணக்கில் ஓட்டி வருகிறேன். ரத்தத்திலிருந்து மைக்ரோவெசிக்கிள் பிரிப்பதுதான் முக்கிய வேலை. அதற்கு இது தாராளமாகப் போதும். இதைவிடப் பல மடங்கு விசை தரும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

செல்லின் வெளிச்சவ்வு மொட்டுவிட்டு அறுந்து விழுவதுதான் மைக்ரோவெசிக்கிள். அளவு சுமார் 100 முதல் 1000 நானோமீட்டர். 20,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 20,000 மடங்கு) சுற்றினால் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். செல்லுக்குள்ளேயே உருவாகி வெளியே வரும் எக்ஸோசோம் இன்னும் பொடிசு. அதற்கு 1,00,000 ஜி வேண்டும். அதை இந்த மிஷினிடம் எதிர்பார்க்காதீர்கள்.

1967-இல் பீட்டர் வுல்ஃப் என்ற ஆய்வாளர் இவற்றை ‘தட்டணுத் தூசி’ என்றுதான் எழுதினார். அந்தத் தூசிதான் ரத்தம் உறைவதற்குக் களம் அமைத்துக் கொடுக்கிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறியதும் சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய ஃபாஸ்ஃபடிடில்செரின் என்ற கொழுப்பு வெளியே புரள்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைதல் காரணிகள் அதன்மேல் வந்து உட்கார்கின்றன. இது நடக்காத ஸ்காட் நோய்க்குறி உள்ளவர்களுக்கு ரத்தக்கசிவு நிற்கச் சிரமப்படும். சில புற்றுநோய்களில் நேர்மாறு: கட்டியிலிருந்து கிளம்பும் வெசிக்கிள்கள் உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக் காரணியைச் சுமந்து போவதால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து கூடுகிறது. சர்க்கரை நோயாளிகள் ரத்தத்திலும் இவை அதிகம். ரத்த வங்கிப் பையில் நாள் ஆக ஆகச் சிவப்பணுக்களும் இவற்றை உதிர்க்கின்றன.

இப்போது மிஷின். முதலில் 2,500 ஜி-யில் 15 நிமிஷம், மேலே நிற்கும் பிளாஸ்மாவை எடுத்து, தட்டணு மிச்சமில்லாமல் போக மறுபடி அதே மாதிரி. தட்டணு மிச்சமிருக்கும் பிளாஸ்மாவை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அது உடைந்து புதுசாக வெசிக்கிள் கொட்டும். நோயாளியின் கணக்கு எது, ஃப்ரீசரின் கணக்கு எது என்று தெரியாது. இந்த 2,500 ஜி கட்டத்தில் பிரேக்கைக் குறைத்து வையுங்கள், டக்கென்று நின்றால் அடியில் படிந்தது கலங்கிவிடும். 20,000 ஜி ஓட்டத்துக்கு அப்புறம் அடியில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. டியூப் மூடியின் கீல் வெளிப்பக்கம் பார்க்க வைத்தால், கீல் இருக்கும் பக்கத்துச் சுவரில் படிந்திருக்கும். பிப்பெட்டை எதிர்ப்பக்கம் விடலாம்.

குறை என்றால் குளிர்தான். ஒரு வேனிற்காலத்தில் 4 டிகிரிக்கு இறங்கவே மாட்டேன் என்றது. விற்ற கடையின் சர்வீஸ் ஆள் கம்ப்ரசரையே மாற்றச் சொல்லி ஒரு தொகை எழுதிக் கொடுத்தார், வயிறு எரிந்தது. சரி என்று ஊர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் கண்டென்சர் மேல் கம்பளி விரித்தாற்போலப் பஞ்சு. “ஏனுங்க மேடம், நாலு பக்கமும் மில்ல வெச்சுக்கிட்டு இதைத் தொடைக்காம உட்டா எப்படிங்க சில்லாகும்?” என்றபடி பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட்டார். அன்றைக்கே 4 டிகிரி வந்துவிட்டது. மாசம் ஒருமுறை பிரஷ் போடச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வெசிக்கிள்களை எண்ணிப் பார்க்க, துகள்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்குக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும். பழைய மிஷின்களின் கண்ணுக்குச் சின்ன வெசிக்கிள்கள் தப்பிவிடும். வெளியே புரண்ட ஃபாஸ்ஃபடிடில்செரினில் ஒட்டி வெசிக்கிளைக் காட்டும் அனெக்ஸின் சாயத்துக்குக் கால்சியம் வேண்டும், ஆனால் பாஸ்பேட் பஃபரில் அதைச் சேர்த்தால் துகள் படிந்து வெசிக்கிள் மாதிரியே எண்ணிக்கையில் ஏறும். பாஸ்பேட் இல்லாத ஹெப்பீஸ் பஃபர் எடுத்துப் போங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் மோட்டாரைப் பார்ப்பதற்கு முன் டியூப்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டாரைப் பாருங்கள். உப்புக் கரைசல் சிந்திய அலுமினிய ரோட்டாரில் குழியின் அடியில் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். அப்படியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.